ரப்பர் கையுறை சிலருக்கு ஏன் ஆவதில்லை?

கையுறையைக் கழற்றியதும் கை சிவந்து அரிக்கிறது. "ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி, ஏதாவது களிம்பைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரு சிறு பிரிவினருக்கு அந்த அரிப்புதான் முதல் எச்சரிக்கை. அடுத்த முறை பல் மருத்துவரின் நாற்காலியிலோ அறுவை சிகிச்சை மேசையிலோ அவர்களுக்கு மூச்சடைத்துப் போகலாம், ரத்த அழுத்தம் சட்டென்று சரியலாம். இந்த இரு தரப்பினரின் கையிலும் தெரிகிற சிவப்பு பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதுதான் சிக்கல்.

லேடெக்ஸ் எனப்படும் ரப்பர் மரப் பாலால் வரும் இந்த ஒவ்வாமையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். உடலைச் சீண்டுவது ரப்பரோடு கூடவே வரும் புரதம். அந்தப் புரதம் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால், இந்த நோயைச் சுற்றியுள்ள பல புதிர்கள் தாமாகவே அவிழ்ந்துவிடும். டயரைத் தொட்டால் ஒன்றும் ஆகாதவருக்கு பலூன் ஏன் ஆகாது, கையுறையை அணியாமல் அறைக்குள் நுழைந்தாலே ஒருவருக்கு ஏன் மூச்சிழுப்பு வருகிறது, ரப்பர் ஆகாதவருக்கு வாழைப்பழம் சாப்பிட்டால் ஏன் உதடு வீங்குகிறது என்ற எல்லாவற்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

மரத்திலிருந்து கைக்கு

இயற்கை ரப்பர், ஹேவியா பிரேசிலியன்சிஸ் என்ற மரத்தின் பாலிலிருந்து கிடைக்கிறது. அமேசான் காடுகளைத் தாயகமாகக் கொண்ட இந்த மரம் இன்று பெருமளவில் பயிராவது தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற ஆசிய நாடுகளில். பட்டையில் சாய்வாக ஒரு கீறல் போட்டால் வெள்ளைப் பால் வடிந்து கிண்ணத்தில் சேரும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை புரதம். ஒவ்வாமையின் மொத்தக் கதையும் இந்தச் சிறு சதவீதத்துக்குள் அடங்கியிருக்கிறது.

மரத்துக்கு இந்தப் பால் எதற்கு? இலைகளில் உருவாகும் உணவைக் கொண்டுபோகிற சாறு வேறு, இது வேறு. பட்டை காயப்பட்டால் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளவும், காயத்தின் வழியே நுழையப் பார்க்கும் பூஞ்சைகளையும் பூச்சிகளையும் தடுக்கவும் மரம் வைத்திருக்கிற தற்காப்பு ஏற்பாடு இது. ஆகவே பாலில் மிதக்கும் புரதங்களில் பலவும் காவல் வேலை பார்ப்பவை. பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டினைப் பற்றிக்கொள்ளும் ஹெவைன் என்ற புரதம் அவற்றில் ஒன்று. இது பிறகு பழங்களைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும். ஒவ்வாமை உண்டாக்குபவை என்று இனங்காணப்பட்ட ரப்பர் பால் புரதங்களுக்கு ஹெவ் பி 1, ஹெவ் பி 2 என வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் 15 வரை நீண்டிருக்கிறது.

கையுறை உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். விரல் விரித்த பீங்கான் கைகள் வரிசையாக ஒரு சங்கிலியில் நகர்ந்து வரும். முதலில் கால்சியம் உப்புக் கரைசலில் முங்கி எழும். அடுத்து ரப்பர் பால் தொட்டியில் முங்கும். உப்புப் படிந்த பீங்கான் மேல் பால் மெல்லிய தோலாக உறைந்துவிடும். பிறகு மணிக்கட்டு விளிம்பு சுருட்டப்படும், வெந்நீர்த் தொட்டியில் அலசல் நடக்கும், சூளையின் சூட்டில் ரப்பர் இறுகும். வெந்நீர் அலசலில்தான் நீரில் கரையக்கூடிய புரதங்கள் கழுவிப் போகின்றன. அதற்குப் போதிய நேரம் கொடுக்காமல் சங்கிலியை வேகமாக ஓட்டினால், அந்தப் புரதம் கையுறையின் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அணிபவரின் வியர்வையில் கரைந்து வெளிவர அது தயாராக இருக்கும்.

பலூன், ஆணுறை, சிறுநீர் வெளியேற்றும் கதீட்டர் குழாய் எல்லாம் இப்படிப் பாலில் முக்கி எடுக்கப்படுபவை. இவற்றில்தான் கரையும் புரதம் அதிகம். டயர், செருப்பின் அடிப்பாகம் போன்ற கெட்டியான பொருள்களுக்கோ பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, பிழிந்து, உலர்த்தி, அச்சில் இட்டுக் கடும் சூட்டில் வார்க்கிறார்கள். அவற்றிலிருந்து வெளிவரும் புரதம் மிகக் குறைவு. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர் காரில் ஏறவே பயப்பட வேண்டியதில்லை என்பது இதனால்தான். சுவருக்கு அடிக்கும் லேடெக்ஸ் பெயின்ட்டைக் கண்டும் அஞ்ச வேண்டாம். அது செயற்கைப் பொருள், ரப்பர் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரே சிவப்பு, மூன்று காரணங்கள்

கையுறையால் கையில் வரும் தொந்தரவு மூன்று வகைப்படும். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், வேறு சிலர் பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள்.

மிகப் பரவலானது தோல் எரிச்சல். அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவுவது, ஈரம் சரியாகக் காயாமல் கையுறை மாட்டுவது, உள்ளே தேங்கும் வியர்வை, உரசல் ஆகியவை சேர்ந்து தோலின் மேல்படலத்தை அரித்துவிடுகின்றன. தோல் வறண்டு, வெடித்து, எரியும். இதில் நோயெதிர்ப்பு மண்டலம் எதையும் குறிவைத்துத் தாக்குவதில்லை. எனவே இது ஒவ்வாமை ஆகாது. என்றாலும் வெடித்த தோலை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. நல்ல தோல் உள்ளே விடாத புரதம் வெடிப்பின் வழியே எளிதாக நுழையும்.

இரண்டாவது வகை உண்மையான ஒவ்வாமைதான், ஆனால் காரணம் ரப்பர் பால் புரதம் கிடையாது. ரப்பரை விரைவாக இறுக வைப்பதற்குத் தொழிற்சாலையில் தையூரம், கார்பமேட், மெர்காப்டோபென்சோதயசோல் போன்ற வேதிப்பொருள்களைக் கலக்கிறார்கள். சிலருடைய உடலில் நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் இவற்றை அந்நியப் பொருளாகப் பதிவு செய்துகொள்கின்றன. அதன் பிறகு கையுறை பட்டால், உடனே அல்ல, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தோல் தடித்து, சிறு கொப்புளங்கள் எழுந்து, நீர் வடியும். படை பெரும்பாலும் கையுறை முடிகிற மணிக்கட்டு வரை வந்து நிற்கும். இது தொல்லை தரும், வேலையையே கெடுக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இந்த வகையினர் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைக்கு மாறியும் படை குறையவில்லை என்று வருந்துவதுண்டு. பல நைட்ரைல் கையுறைகளிலும் இதே வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. இவர்களுக்கு வேண்டியது அந்தப் பொருள்கள் கலக்காமல் செய்த கையுறை. அதுவும் சந்தையில் கிடைக்கிறது.

மூன்றாவது வகைதான் சரியான பொருளில் லேடெக்ஸ் ஒவ்வாமை. இதில் குறி வைக்கப்படுவது புரதம். உடல் முதலில் ஓசைப்படாமல் தயாராகிறது. ரப்பர் பால் புரதத்தைப் பகையாக எண்ணி, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உருவாக்கி, மாஸ்ட் செல்கள் எனப்படும் அணுக்களின் மேல் பதித்து வைக்கிறது. இந்தக் கட்டத்தில் வெளியில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட ஒருவர் கையுறையை நிம்மதியாக அணிந்துகொண்டிருக்கலாம். பிறகு ஒருநாள் அதே புரதம் வந்து மாஸ்ட் செல்லில் பதிந்த எதிர்ப்பொருள்களோடு பொருந்தியதும், அந்த அணுக்கள் ஹிஸ்டமினையும் வேறு பல பொருள்களையும் மொத்தமாகக் கொட்டிவிடுகின்றன. சில நிமிடங்களில் பட்ட இடத்தில் கொசு கடித்ததுபோல் தடிப்புகள் எழும். கண் அரித்து நீர் வழியும், மூக்கு ஒழுகும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும். சிலருக்கு மார்பு இறுகி இழுப்பு வரும். எல்லை மீறினால் உதடும் நாக்கும் தொண்டையும் வீங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, நினைவு தப்பும். அனஃபிலாக்சிஸ் எனப்படும் இந்த நிலையில் சில நிமிடத் தாமதமே உயிரைப் பறித்துவிடக்கூடும்.

எனவே கை அரிக்கிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. கையுறை மாட்டிச் சில நிமிடங்களில் வந்ததா, மறுநாள் வந்ததா? கையோடு நின்றதா, கண், மூக்கு, மார்பு என்று வேறெங்காவது போனதா? நிமிடங்களில் வந்தது என்றாலோ கையைத் தாண்டிப் போனது என்றாலோ களிம்போடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கையைக் காக்க வந்த கையுறை

அறுவை அரங்கில் ரப்பர் கையுறை நுழைந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஆண்டு 1889 முடிந்து 1890 பிறக்கும் குளிர்காலம். அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் அரங்கில் வேலை பார்த்த செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்கு, கிருமி நீக்கப் பயன்படுத்திய பாதரசக் குளோரைடு கரைசலால் கையெல்லாம் புண்ணாகிவிட்டது. அவருடைய கையைக் காப்பாற்றவே ஹால்ஸ்டெட் ரப்பர் நிறுவனம் ஒன்றிடம் சொல்லி மெல்லிய கையுறைகளைச் செய்ய வைத்தார். தோல் அழற்சிக்கு மருந்தாக வந்த பொருள் அது. நோயாளியை நோய்த்தொற்றிலிருந்து காக்கவும் அது உதவுகிறது என்பது பிற்பாடுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ரப்பரால் தடிப்பு வருகிறது என்று ஜெர்மனியில் 1927-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1979-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழ் ஒன்றில், கையுறை அணிந்தவுடனே தடிப்பு வந்த ஒரு பெண்ணைப் பற்றிய குறிப்பு வெளியானது. இன்றைய புரிதல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த பத்தாண்டில் நிலைமை தலைகீழாக மாறியது. எய்ட்ஸ் பரவியதை அடுத்து, 1987-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எந்த நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்று அறிவுறுத்தியது. கையுறையின் தேவை ஒரேயடியாகப் பெருகியது. முன்பு சில வேலைகளுக்கு மட்டும் கையுறை போட்டவர்கள் நாள் முழுக்கப் போடத் தொடங்கினார்கள். புரதத்தோடு உடலுக்கு ஏற்படும் தொடர்பும் அதே அளவுக்குக் கூடியது.

விளைவு தெரிய அதிக நாள் ஆகவில்லை. பெருங்குடலை எக்ஸ்ரே எடுப்பதற்காகப் பேரியம் கரைசலைச் செலுத்தும் குழாயின் நுனியில் லேடெக்ஸ் உறை இருந்தது. அந்தப் பரிசோதனையின்போது நோயாளிகள் அனஃபிலாக்சிஸில் இறந்ததாக அறிக்கைகள் வந்தன. 1991-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. 1997-ல் அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கையில், அடிக்கடி கையுறை அணியும் மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 12 சதவீதம் பேருக்கு லேடெக்ஸுக்கு எதிரான ஐஜிஇ உருவாகியிருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். எதிர்ப்பொருள் இருக்கும் எல்லோருக்கும் அறிகுறி வந்துவிடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இருந்தாலும் அது சிறிய எண்ணிக்கை இல்லை.

காற்றில் பறந்த மாவு

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதிக்கும் பகுதி பவுடர்தான். கையுறை எளிதாக மாட்ட வரட்டும் என்று உள்ளே சோள மாவைத் தூவி விற்றார்கள். மாவின் துகள்கள் கையுறையில் இருந்த புரதத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டன. செவிலியர் ஒருவர் கையுறையை விரலிலிருந்து உருவும்போது "பட்"டென்று ஒரு சத்தம், வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் மெல்லிய வெண்புகை. அந்தப் புகையின் ஒவ்வொரு துகளும் புரதத்தைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் காற்றில் மிதந்தது. மேசையிலும் துணியிலும் படிந்தது. பக்கத்தில் நிற்பவர் கையுறையைத் தொடாமலே அதைச் சுவாசித்தார்.

தோல் வழியாகப் போவதைவிட மூச்சு வழியாகப் போகும் புரதம் உடலை இன்னும் சுலபமாகச் சீண்டும். இப்படித்தான் எத்தனையோ செவிலியர்களுக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும் தொழில்சார் ஆஸ்துமா வந்தது. வேலைக்குப் போகும் நாள்களில் இழுப்பு, விடுமுறையில் நிம்மதி, திரும்பிப் போனதும் மறுபடி இழுப்பு. இந்த ஒழுங்கைக் கவனித்துச் சொல்ல யாரும் இல்லாததால் சாதாரண ஆஸ்துமா என்றே மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆஸ்துமா முற்றிய பிறகு புரதத்தை விட்டு விலகினாலும் சிலருக்கு நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பிறருக்குப் பணிவிடை செய்யப் போன இடத்தில் தம் மூச்சையே இழந்தவர்கள் அவர்கள்.

தீர்வு மிக எளிமையாக இருந்தது. 1990-களின் இறுதியில் ஜெர்மனி பணியிடங்களில் பவுடர் போட்ட லேடெக்ஸ் கையுறைகளைத் தடுத்தது. பவுடர் இல்லாத, புரதம் குறைத்த கையுறைகள் வந்ததும் அங்கே மருத்துவப் பணியாளர்களிடையே புதிய நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. எந்த மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. காற்றிலிருந்து மாவை எடுத்ததுதான் வைத்தியம். அமெரிக்காவில் பவுடர் கையுறைக்கு முழுத் தடை அறிவிக்க 2016 டிசம்பர் வரை ஆனது, நடைமுறைக்கு வந்தது 2017 ஜனவரியில். ஒரு மருத்துவக் கருவியை அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முற்றாகத் தடை செய்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். வழி தெரிந்த பிறகும் இத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

யாருக்கு ஆபத்து அதிகம்

புரதத்தோடு எத்தனை முறை, எந்த வழியாகத் தொடர்பு என்பதே இதைத் தீர்மானிக்கிறது. மருத்துவர், செவிலியர், பல் மருத்துவப் பணியாளர், ஆய்வகத்தினர், ரப்பர்ப் பொருள் தொழிற்சாலைத் தொழிலாளர், நாள் முழுக்கக் கையுறையோடு துப்புரவு வேலை செய்பவர், முடி அலங்காரம் செய்பவர் என்று வரிசை நீளும். ஏற்கெனவே தூசி ஒவ்வாமை, கரப்பான் என்ற தோல் நோய், ஆஸ்துமா போன்றவை இருப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல்.

இவர்கள் எல்லோரையும்விட ஆபத்தில் இருப்பவர்கள் ஸ்பைனா பைஃபிடா எனப்படும் தண்டுவடப் பிளவோடு பிறக்கும் குழந்தைகள். பிறந்த சில நாளிலேயே முதல் அறுவை சிகிச்சை, அதன்பின் மேலும் பல. சிறுநீர்ப்பை தானாக இயங்காததால் தினமும் கதீட்டர். புரதம் தோலில்கூடத் தங்காமல், நேராகத் திறந்த திசுக்களையும் சளிச்சவ்வையும் தொடுகிறது. பவுடர் கையுறைக் காலத்து ஆய்வுகள் சிலவற்றில் இக்குழந்தைகளில் பாதிப்பேர் வரை லேடெக்ஸுக்கு எதிர்ப்பொருள் உருவாக்கியிருந்தார்கள். இவர்களின் உடல் பெரும்பாலும் ஹெவ் பி 1, ஹெவ் பி 3 புரதங்களைக் குறிவைக்கிறது. மருத்துவப் பணியாளர்களின் உடலோ ஹெவ் பி 5, ஹெவ் பி 6 ஆகியவற்றை. நுழையும் வழி மாறினால் எதிரியாகக் கருதப்படும் புரதமும் மாறுகிறது. இன்று இந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வாமை வரும்வரை காத்திருப்பதில்லை. பிறந்த நாள் முதலே லேடெக்ஸ் கலக்காத குழாய்களும் கையுறைகளும்தான் என்பது நடைமுறை. அப்படி வளர்க்கப்பட்ட குழந்தைகளிடம் ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பழம் எங்கே வந்தது

லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குச் சில தாவர உணவுகளும் ஒத்துக்கொள்வதில்லை. முதன்மையானவை வாழைப்பழம், அவகாடோ, கிவி, செஸ்ட்நட். பப்பாளி, அத்தி, தக்காளி, உருளைக்கிழங்கு போன்றவையும் சிலருக்கு உண்டு. முன்பு சொன்ன ஹெவைனை இங்கே நினைவுக்குக் கொண்டுவரலாம். பூஞ்சையை எதிர்க்க ரப்பர் மரம் மட்டும் புரதம் செய்வதில்லை. வாழையும் அவகாடோவும்கூட அதே வேலைக்கு கைட்டினேஸ் என்ற புரதத்தை வைத்திருக்கின்றன. அதன் ஒரு பகுதி ஹெவைனை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும். ஹெவைனுக்காக உருவான எதிர்ப்பொருளுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

வாயில் ஊறல், உதடு வீக்கம் என்று முடிவதும் உண்டு, அனஃபிலாக்சிஸ் வரை போவதும் உண்டு. அதற்காக லேடெக்ஸ் ஒவ்வாமை என்று தெரிந்ததுமே பட்டியலில் உள்ள எல்லாப் பழங்களையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. இதுவரை சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பழத்தைத் தொடர்ந்து சாப்பிடலாம். ஒருமுறையாவது தொல்லை கொடுத்ததை மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்தத் தொடர்பு எதிர்த்திசையிலும் பயன்படும். வாழைப்பழமோ கிவியோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறது என்று சொல்பவரிடம், பலூன் ஊதினால் என்ன ஆகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது.

மயக்கத்தில் இருப்பவர் சொல்ல மாட்டார்

அறுவை சிகிச்சையின்போது வரும் லேடெக்ஸ் எதிர்வினை தனி ரகம். நோயாளி மயக்கத்தில் இருப்பதால் அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்ல முடியாது. உடல் முழுவதும் பச்சைத் துணி போர்த்தியிருப்பதால் தோலில் எழும் தடிப்பு யார் கண்ணிலும் படாது. பெரும்பாலும் முதலில் தெரிவது திரையில் இறங்கும் ரத்த அழுத்தமும், காற்று செலுத்தும் கருவியில் திடீரென்று ஏறும் அழுத்தமும்தான். மயக்க மருந்துகளால் வரும் எதிர்வினை பொதுவாகத் தொடக்கத்திலேயே தலைகாட்டும். லேடெக்ஸோ அறுவை தொடங்கி அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துக்கூட வெளிப்படும். கையுறை அணிந்த கை வயிற்றுக்குள் தொட்டுக்கொண்டே இருக்க, புரதம் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது.

முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தும் கொடுத்துவிட்டால் லேடெக்ஸ் கையுறையோடே அறுவை செய்யலாம் என்று எண்ணுவது தவறு. அந்த மருந்துகள் அனஃபிலாக்சிஸை நம்பகமாகத் தடுப்பதில்லை. லேடெக்ஸ் படாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே பாதுகாப்பு. பல மருத்துவமனைகளில் இத்தகைய நோயாளியை அன்றைய முதல் அறுவையாகவே வைத்துக்கொள்கிறார்கள். இரவு முழுக்க ஆளில்லாத அறையில் காற்று சுத்தமாக இருக்கும் என்பது காரணம். ஆகவே ஒவ்வாமை பற்றிய தகவலை அனுமதிப் படிவத்தில் எழுதியதோடு விட்டுவிடாமல், அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் நேரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல் சிகிச்சை, மகப்பேறு, பெண்களுக்கான உள்பரிசோதனை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சளிச்சவ்வில் படும் புரதம் தோலில் படுவதைவிட வேகமாக உள்ளே போகும். மருத்துவர் கையுறையை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

எப்படிக் கண்டறிகிறார்கள்

அனுபவமுள்ள மருத்துவர் பாதி விடையை விசாரணையிலேயே கண்டுவிடுவார். எதைத் தொட்டபோது, எவ்வளவு நேரத்தில், உடலில் எங்கெங்கே என்று நுணுக்கமாகக் கேட்பார். பிறகு ரத்தத்தில் லேடெக்ஸுக்கான ஐஜிஇ இருக்கிறதா என்று பார்ப்பார். சில நாடுகளில் தோலில் ஒரு சொட்டுக் கரைசலை வைத்து மெல்லக் குத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. வேதிப்பொருள் ஒவ்வாமையா என்று அறிய முதுகில் பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் வைத்திருக்கும் பேட்ச் சோதனை செய்யப்படும். ரத்தப் பரிசோதனை சிலரைத் தவறவிட்டுவிடும் என்பதால், முடிவு எதிர்மறையாக வந்தும் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் அறிகுறிகளையே நம்ப வேண்டும்.

வீட்டிலேயே ஒரு கையுறையை மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று மட்டும் யாரும் முயல வேண்டாம். அந்தச் சோதனையை மருத்துவமனையிலேயே அட்ரினலின் என்ற அவசர மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்வார்கள்.

தவிர்ப்பது எப்படி

இந்த ஒவ்வாமையைக் குணப்படுத்தும் மருந்து என்று ஒன்றும் இப்போது நடைமுறையில் இல்லை. தவிர்ப்பதுதான் சிகிச்சை. கையுறைக்கு நைட்ரைல், வினைல், நியோப்ரீன், செயற்கை பாலிஐசோப்ரீன் எனப் பல மாற்றுகள் இருக்கின்றன. ரப்பர் மரத்தின் புரதம் இவற்றில் கிடையாது. மெக்சிகோவையும் அதை ஒட்டிய அமெரிக்கப் பகுதியையும் சேர்ந்த குவாயுலே என்ற புதர்ச்செடியின் பாலிலிருந்தும் கையுறை செய்கிறார்கள். அதன் புரதங்கள் வேறு என்பதால் இந்த எதிர்ப்பொருள்கள் அவற்றை அடையாளம் காண்பதில்லை. அப்படிப்பட்ட கையுறைக்கு 2008-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

வீட்டில் அதிகம் கவனிக்க வேண்டியவை பலூன், பாத்திரம் கழுவும் கையுறை, பழைய வகைப் பால்புட்டி ரப்பர், நீச்சல் தொப்பி, வெந்நீர்ப் பை, உள்ளாடையின் எலாஸ்டிக், சில ஒட்டும் பிளாஸ்திரிகள். பலூனைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்வேன். அதை வாயால் ஊதும்போது புரதம் உதட்டில் படுகிறது, வெடித்தால் துகள் காற்றில் கலக்கிறது. ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் விழாக்களில் உலோகப் பளபளப்புள்ள மைலார் பலூன் போதுமே. ஆணுறையில் பாலியூரிதேன், செயற்கை பாலிஐசோப்ரீன் வகைகள் கர்ப்பத்தையும் பால்வினைத் தொற்றையும் தடுக்கும். ஆட்டுக் குடல் சவ்வில் செய்யும் வகை கர்ப்பத்தைத் தடுத்தாலும் எச்ஐவி போன்ற தொற்றைத் தடுக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் மாற்றிக்கொள்வது ஆபத்து.

பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் வார்த்தைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒவ்வாமை குறைந்தது என்று பொருள்படும் ஹைப்போஅலர்ஜெனிக் என்ற சொல்லை முன்பு வேதிப்பொருள் குறைத்த லேடெக்ஸ் கையுறைகளின் மேலேயே அச்சிட்டு விற்றார்கள். புரதம் அதில் அப்படியே இருந்தது. லேடெக்ஸ் கலந்த மருத்துவப் பொருள்களில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதை 1997-ல் வகுத்த விதி மூலம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தடுத்தது. 2014-ல் அதே நிர்வாகம், லேடெக்ஸ் அறவே இல்லை என்று உறுதி கூறும் வாசகத்தையும் தவிர்க்கச் சொன்னது. தயாரிப்பின்போது எங்காவது துளி கலந்திருக்காது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாதே. இயற்கை ரப்பர் லேடெக்ஸ் கொண்டு செய்யப்படவில்லை என்ற வாசகமே சரியானது.

எதிர்வினை வந்துவிட்டால்

வெறும் தடிப்பும் தும்மலும் என்றால் கையுறையைக் கழற்றி, பட்ட இடத்தைக் கழுவி, மருத்துவர் சொல்லியிருக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கவனமாக இருக்கலாம். மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், குரல் கம்முதல், தலைசுற்றல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரைக்காகக் காத்திருக்கக் கூடாது. அட்ரினலின்தான் முதல் மருந்து. தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள் போடுவது. தேவைப்பட்டால் ஆடையின் மேலேயே அழுத்திப் போடக்கூடிய தானியங்கி ஊசிகள் இருக்கின்றன. போட்டவுடன் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவரைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறுகிறது என்றால் உட்கார்த்தி வைக்கலாம். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கொஞ்சம் தேறிவிட்டாரே என்று எழுப்பி நடக்கவைப்பது பெரும் தவறு, சட்டென்று நிமிர்ந்ததும் ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போன நிகழ்வுகள் உண்டு. 5 முதல் 15 நிமிடத்துக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி போடலாம். முழுக்கச் சரியாகிவிட்டதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் இரண்டாம் முறை திரும்பி வருவதுண்டு. அங்கே உதவிக்கு வருகிறவர்களும் கையுறை அணிந்திருப்பார்கள். "லேடெக்ஸ் ஆகாது" என்று அவர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல, கூட இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது காலப்போக்கில் போய்விடுமா என்று கேட்காதவர்கள் இல்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து விலகியே இருந்தால் ரத்தத்தில் ஐஜிஇ அளவு குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அளவு குறைந்தாலும் உடலின் நினைவு அழிவதில்லை, மீண்டும் புரதம் பட்டால் மீண்டும் கிளம்பலாம். அதனால் அறிகுறி ஏதும் இல்லாமல் பத்தாண்டு கழிந்த பிறகும், கையில் அணியும் எச்சரிக்கை வளையத்தையோ பையில் வைத்திருக்கும் அட்டையையோ எடுத்துவிடக் கூடாது. அட்ரினலின் ஊசியின் காலாவதி தேதியையும் அவ்வப்போது பார்த்துப் புதியதை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.